சில்லுக் கணக்கு

என் காரின் ரயரில் 155/65 R14 என்று எழுதியிருக்கிறது. ஆயுள் முழுக்கக் கணக்குப் படிப்பித்தவன் நான். அதை ஒழுங்காக வாசித்த அன்று எனக்கே கோபம் வந்தது. 155 ரயரின் அகலம், மில்லிமீற்றரில். 65 பக்கச்சுவரின் உயரம். ஆனால் மில்லிமீற்றர் இல்லை, அகலத்தில் நூற்றுக்கு 65 பங்கு. 14 றிம்மின் விட்டம், அது அங்குலம். ஒரே வரியில் மூன்று அளவை! என் வகுப்பில் ஒரு பெடியன் இப்படி விடை எழுதியிருந்தால் வாங்கில் ஏற்றிவிட்டிருப்பேன்.

பக்கத்திலேயே 75S என்றும் இருக்கிறது. 75 என்றால் அந்த ரயர் 387 கிலோ தாங்கும். S என்றால் மணிக்கு 180 கிலோமீற்றர் வரை ஓடலாம். புங்குடுதீவில் அந்த வேகம் எடுத்தால் குறிகட்டுவான் இறங்குதுறையில் பிரேக் பிடிக்க நேரம் கிடைக்காது. நேரே நயினாதீவுதான், படகுக் காசு மிச்சம்.

கார், ஜப்பானில் ஓடிக் களைத்து வந்த சுசுகி வாகன் ஆர். 2020-இல் இலங்கையில் வாகன இறக்குமதியை நிறுத்தியபின் இந்தச் சின்னக் கார்களுக்குக்கூடத் தங்கத்தின் மதிப்பு வந்துவிட்டது. நானும் தங்கத்தைப் போலவே, நல்லது கெட்டதுக்கு மட்டும் வெளியே எடுத்துக்கொண்டிருந்தேன். அப்போதுதான் கனடாவிலிருந்து மருமகன் வந்தான்.

காரைச் சுற்றி வந்து பார்த்தான். “மாமா, உதென்ன குழந்தைப்பிள்ளைச் சப்பாத்து மாதிரி? 16 அங்குல அலோய் போடுங்கோ. உப்புக் காத்துக்குத் துருவும் பிடிக்காது. காசை நான் தாறன்.”

கடைசி வசனம்தான் என்னை யோசிக்க வைத்தது.

கடையில் 165/45 R16 காட்டினார்கள். நான் கடதாசியும் பேனையும் வாங்கிக் கணக்குப் போட்டேன். பழைய சில்லின் முழு விட்டம் 557 மில்லிமீற்றர், புதியது 555. இரண்டே மில்லிமீற்றர் வித்தியாசம்! வேகமானி பொய் சொல்லாது. கணக்கு அவ்வளவு வடிவாக வந்ததில் மயங்கிப்போய், றிம் பெருத்தும் சில்லு பெருக்கவில்லையென்றால் எது மெலிந்தது என்று கேட்க மறந்து, நாலையும் பூட்டிவிட்டேன். பக்கச்சுவர் 101 மில்லிமீற்றரிலிருந்து 74-க்கு இறங்கியிருந்தது. குறைந்த 27 மில்லிமீற்றரும் காத்து. கிடங்குக்கும் என் முள்ளந்தண்டுக்கும் நடுவில் இருந்த காத்து.

ஆனி மாதம், நயினாதீவு நாகபூஷணி அம்மன் திருவிழா. யாழ்ப்பாணத்திலிருந்து அக்கா, அத்தான், இரண்டு பேரப்பிள்ளைகள், அர்ச்சனைத் தட்டு எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு புறப்பட்டேன். பண்ணைப் பாலம் தாண்டியது. வேலணை தாண்டியது. ஒவ்வொரு மேடு பள்ளத்துக்கும் பின்சில்லு எங்கேயோ உரஞ்சிற சத்தம். “தம்பி, கார் முனகுது” என்றார் அக்கா. வாணர் பாலத்துக்கு வந்தோம். இரண்டு பக்கமும் கடல், நடுவில் றோட்டு, றோட்டுக்கு நடுவில் ஒரு கிடங்கு. ‘டொக்’ என்று ஒரு சத்தம், பிறகு ‘உஸ்ஸ்’.

இறங்கிப் பார்த்தால் றிம் வெடித்திருக்கிறது. ஸ்பெயர் சில்லை எடுப்போம் என்று பின்கதவைத் திறந்தேன். இல்லை. ஜப்பான்காரன் அந்தக் காரோடு ஸ்பெயர் கொடுப்பதில்லையாம்; காத்தடிக்கிற சின்னப் பம்பும், ஓட்டை அடைக்கிற பசைத் தண்ணி ஒரு போத்தலும்தான். அந்தத் தண்ணி ஆணி ஏறின ஓட்டையை அடைக்கும், வெடித்த றிம்மை அடைக்காது. போத்தலை மணந்து பார்த்துவிட்டு அக்கா கேட்டார்: “உதை ஆர் குடிக்கிறது?”

அவர்கள் ஓட்டோ பிடித்துக் குறிகட்டுவானுக்குப் போனார்கள். நான் கொக்குகளோடு நின்றேன்.

பெரியப்பாவின் மொறிஸ் மைனர் நினைவுக்கு வந்தது. தொண்ணூறுகளின் பெற்றோல் தட்டுப்பாட்டில், நாலு சொட்டுப் பெற்றோலில் உயிர்ப்பித்து மண்ணெண்ணெயில் ஓடின கார். ரயருக்குள் பழைய ரயர்த் துண்டு, ரியூப்பில் ஒட்டுக்கு மேல் ஒட்டு. அதற்கும் 14 அங்குல றிம்தான். ஆனால் ரயர் பணியாரம் போலத் தடித்து உப்பி இருக்கும். கிடங்கில் விழுந்தால் பெரியப்பாவின் வெற்றிலைத் தட்டம்தான் குலுங்கும்.

கடைசியில் ரயர் ஒட்டுகிறவர் வந்து, வெடித்த றிம்மைத் தட்டிப் பார்த்தார். “மாஸ்ரர், இரும்பு றிம் எண்டால் நெளிஞ்சிருக்கும். சுத்தியலால நாலு போடு போட்டால் நிமிரும். இது வெடிக்கும். வெடிச்சால் சரி.” துருவைப் பற்றிக் கேட்டேன். “அலோயும் பெயின்ற் உரிஞ்சால் உப்பு உள்ளுக்குப் போகும். இரும்புக்கு வருசத்துக்கு ஒருக்கா, ரயர் குந்துற விளிம்பைக் கம்பிப் பிறஸால தேய்ச்சுப் பெயின்ற் அடியுங்கோ. காத்து இறங்காது.” பிறகு சாரதியின் கதவைத் திறந்து, தூணில் ஒட்டியிருந்த சின்ன ஸ்ரிக்கரைக் காட்டினார். 155/65 R14 என்று அளவும், எவ்வளவு காத்து அடிக்க வேண்டும் என்பதும் அதிலேயே இருந்தன. எத்தனையோ நாள் ஏறி இறங்கியும் நான் வாசிக்காத வினாத்தாள், விடையோடு.

பழைய சில்லுகளே திரும்ப ஏறிவிட்டன. ஸ்பெயருக்கும் ஒரு இரும்புச் சில்லு வாங்கிப் போட்டேன். மருமகனுக்கு இன்னும் சொல்லவில்லை. படம் கேட்டால் முன்பு எடுத்ததை அனுப்புகிறேன்.

விறாந்தையில் 16 அங்குல அலோய் மூன்று, ரயரோடு விற்பனைக்கு இருக்கின்றன. நாலாவதைக் கிணற்றடித் தென்னம்பிள்ளையைச் சுற்றிப் போட்டிருக்கிறேன். மூன்று போதும் என்று ஓட்டோக்காரர் யாரும் வர வேண்டாம். ஓட்டோவுக்கு 8 அங்குலம்.