மணலில் ஓடும் பீட்டில்: கேள்வி - பதில்

கலிஃபோர்னியாவிலும் மெக்சிகோவின் பாஹா பக்கமும் வீட்டிலேயே பாலைவன கார் கட்டுகிறவர்கள் பழைய ஃபோக்ஸ்வேகன் பீட்டிலை விடாமல் பிடித்துக்கொண்டிருப்பது ஏன்?

ரேடியேட்டரே இல்லாத காரில் தண்ணீர் கொதிக்குமா? காற்றிலேயே குளிர்கிற இன்ஜின் அது. பின்னால் உட்கார்ந்திருப்பதால், இழுக்கிற சக்கரங்களை மணலில் நன்றாக அழுத்திப் பிடிக்கிறது. படகு கட்டிக்கொண்டிருந்த ப்ரூஸ் மையர்ஸ் 1964-இல் பீட்டிலின் உதிரிகளுக்கு ஃபைபர் கிளாஸ் உடம்பு மாட்டினார். அந்த 'மேங்க்ஸ்' பக்கி 1967-இல் லா பாஸுக்கும் டிஜுவானாவுக்கும் நடுவே 35 மணி நேரத்துக்குள் ஓடி, அதே பாதையின் மோட்டார் சைக்கிள் சாதனையை ஐந்து மணி நேரம் முந்தியது. பிறகு கேட்க வேண்டுமா? கொல்லைப்புறம் உள்ளவர்கள் எல்லாம் வெல்டிங் கம்பியைக் கையில் எடுத்துவிட்டார்கள்.

மணல்மேடு ஏறத் திணறுகிறது. பெரிய இன்ஜின் மாற்றிவிடலாமா?

முதலில் டயரில் காற்றை இறக்குங்கள், பைசா செலவில்லை. 15 பிஎஸ்ஐ அளவுக்கு இறங்கினால் டயர் அகலமாகப் படிந்து, மணலைத் தோண்டாமல் மேலேறும். தார் ரோட்டுக்கு வரும்முன் மறக்காமல் காற்றை நிரப்புங்கள். 1,584 சிசி இன்ஜினை 1,776 ஆக்குவது அதற்கெல்லாம் அப்புறம். கூடிய சக்தியைக் கிளட்ச் தாங்க வேண்டும், கியர்பாக்ஸ் தாங்க வேண்டும், ஆக்சில் தாங்க வேண்டும். மேம்படுத்தும் வேலையைச் சக்கரத்தில் தொடங்கி இன்ஜினில் முடியுங்கள். தலைகீழாகச் செய்தால் ஒவ்வொரு பயணத்திலும் ஓர் உதிரி உடைந்து தன் முறையைத் தானே அறிவிக்கும்.

புது ஏர் ஃபில்டர் போட்டும் இன்ஜின் புகைகிறதே?

ஃபில்டரைக் கழற்றி, கார்புரேட்டர் வாய்க்குள் விரலை விட்டுத் தடவிப் பாருங்கள். நறநறவென்றால் காற்று ஃபில்டரைச் சுற்றிக் குறுக்கு வழியில் போகிறது: கிளாம்ப் தளர்ந்திருக்கும், அல்லது ரப்பர் வெடித்திருக்கும். பாலைவன மணலில் பெரும்பங்கு குவார்ட்ஸ்; சிலிண்டரின் வார்ப்பிரும்பைவிடக் கடினம். ஒரு சிட்டிகை போதும், பிஸ்டன் ரிங்கைத் தேய்த்துவிடும். இப்போது புகைவது பழைய மணலுக்கான வட்டி. இனி இணைப்புகளை இறுக்கி, ஃபில்டர்மேல் எண்ணெய் தடவிய ஃபோம் உறை மாட்டுங்கள். காற்று இழுக்கும் குழாயைச் சக்கரப் புழுதி எட்டாத உயரத்துக்கு ஏற்றுங்கள்.

ஆயில் ஃபில்டரைத் தேடித் தேடிக் கண் பூத்துவிட்டது. எங்கேதான் இருக்கிறது?

இல்லாததை எப்படிக் கண்டுபிடிப்பீர்கள்? அந்த இன்ஜினில் வெறும் கம்பிவலைதான் உண்டு. இரண்டரை லிட்டர் ஆயில்தான் உயவுக்கும் உழைக்கிறது, சூட்டையும் சுமக்கிறது. ஆகவே பாலைவனத்தில் ஆயில் மாற்றக் கிலோமீட்டரைப் பார்க்காதீர்கள், புழுதியைப் பாருங்கள். கையில் காசு வந்ததும் முதல் செலவு முழு ஆயிலையும் வடிகட்டும் ஃபில்டராகவும், இரண்டாவது தனி ஆயில் கூலராகவும் இருக்கட்டும். இன்ஜினை இரவு முழுக்க ஆறவிட்டு வால்வு இடைவெளியை 0.15 மில்லிமீட்டருக்குச் சரிசெய்யுங்கள். இடைவெளி குறைந்தால் வால்வு சரியாக மூடாது. மூடாத வால்வு சூட்டை இறக்கிவைக்க இடமில்லாமல் கருகிவிடும்.

பின்சக்கரத்தில் 'டக் டக்' சத்தம். கொஞ்சம் பொறுத்துப் பார்க்கலாமா?

நீங்கள் பொறுப்பீர்கள், சிவி ஜாயின்ட் பொறுக்காது. சக்கரத்தின் உட்புறம் கிரீஸ் தெறித்திருந்தால் ரப்பர் பூட் கிழிந்திருக்கிறது. உள்ளே போன மணல் கிரீஸோடு கலந்து உப்புத்தாள் வேலை பார்க்கிறது. பூட்டை மட்டும் மாற்றி மூடாதீர்கள். ஜாயின்ட்டைக் கழுவி, குண்டுகள் ஓடும் தடத்தில் விரல் ஓட்டிப் பாருங்கள்; பள்ளம் தட்டினால் புதிது வாங்க வேண்டியதுதான். காரை அளவுக்கு மீறி உயர்த்தினாலும் ஆக்சில் சாய்வு கூடி ஜாயின்ட் உடையும். உயரம் வேண்டுமென்றால் போர்ஷே 930-இன் பெரிய ஜாயின்ட்டுகளும் வேண்டும்.

கையோடு எதை எடுத்துப்போக வேண்டும்?

ஃபேன் பெல்ட்டை முதலில். குளிர்விக்கும் விசிறியும் ஜெனரேட்டரும் அந்த ஒரே பெல்ட்டில்தான் சுற்றுகின்றன. பெல்ட் அறுந்து ஜெனரேட்டரின் சிவப்பு விளக்கு எரிந்தால் அந்த இடத்திலேயே நிறுத்துங்கள். "ஊர் பக்கத்தில்தானே" என்று ஓட்டினால் இன்ஜின் போய்விடும். ஆக்சிலரேட்டர் கேபிள், கிளட்ச் கேபிள், பெட்ரோல் ஹோஸ், தேவையைவிடக் கூடுதலாகக் குடிதண்ணீர், தீயணைப்பான் ஆகியவையும் வேண்டும். வெடித்த பெட்ரோல் ஹோஸ் சூடான இன்ஜின்மேல் சொட்டித்தான் பல பீட்டில்கள் எரிந்திருக்கின்றன. பளபளக்கும் குரோம் சாமானுக்கு முன்னால் அந்த ஹோஸை மாற்றுங்கள்.

இவ்வளவு பாடு எதற்கு? ஷோரூமில் புதிதாகவே கிடைக்கிறதே?

தாராளமாக வாங்குங்கள். புது வண்டியின் சஸ்பென்ஷன் சுகமே தனி. ஆனால் பாஹா 1000 பந்தயத்தில் ஏறக்குறைய ஆலையிலிருந்து வந்தபடியே இருக்கும் பீட்டில்களுக்கென்று 'கிளாஸ் 11' என ஒரு பிரிவே இருக்கிறது. அதில் ஓட்டுகிறவர்கள் நடுவழியில் கார் நின்றால் அதன் அடியில் படுத்துக் கழற்றி மாட்டிவிட்டுக் கிளம்புகிறார்கள். தானே கட்டியவனுக்குச் சத்தம் கேட்டதுமே எந்த போல்ட் என்று தெரியும். அந்த அறிவை எந்த ஷோரூமிலும் விற்பதில்லை. அது வேண்டுமென்றால் பயணம் முடிந்த மறுநாளே காரைக் கழுவி, ஸ்பானரோடு அடியில் புகுந்து, ஒவ்வொரு போல்ட்டையும் இறுக்கிப் பாருங்கள்.