சொற்களுக்கு ஆள் தேடிய காலம்

ஒரு காலத்தில் கேரள எல்லையிலுள்ள எங்கள் மீனாட்சிபுரத்தில் பாதிப் பேருக்கு ஆங்கிலத்தில் ஒரு பட்டப்பெயர் இருந்தது. யாருக்கு எந்தப் பெயர் என்பது அவரவரைத் தவிர எங்கள் கூட்டத்தில் எல்லாருக்கும் தெரியும். ஸ்டேஷனில் சீட்டையும் மீதிச் சில்லறையையும் தள்ளிவிட்டு வாயே திறக்காத டிக்கெட்காரர் 'டாசிடர்ன்'. ஒரு டீ ஆற்றி முடிப்பதற்குள் மூலத்தறை முதல் கோவிந்தாபுரம் வரைக்கும் நடந்த சங்கதிகளை ஒப்பித்துவிடும் செக்போஸ்ட் டீக்கடைக்காரர் 'கேருலஸ்'. கல்யாணப் பேச்சு எடுத்தாலே தோப்புக்குள் போய்விடும் என் சித்தப்பா, திருமணத்தை வெறுக்கும் 'மிஸாகமிஸ்ட்'. புதுப் பெண்டாட்டியின் பையைத் தானே தூக்கிக்கொண்டு பொள்ளாச்சி பஸ்ஸுக்கு நிற்கும் அண்ணன்மார் அத்தனை பேரும் 'அக்ஸோரியஸ்', அதாவது மனைவி மேல் அளவு கடந்த பிரியம் கொண்டவர்கள்.

இத்தனைக்கும் மூலம் ஒரே புத்தகம். நார்மன் லூயிஸ் 1949-இல் வெளியிட்ட 'வேர்ட் பவர் மேட் ஈஸி'. எங்களிடம் வந்த பிரதிக்கு அட்டை இல்லை, முதல் சில பக்கங்களும் இல்லை; அது எத்தனை கை மாறி வந்ததோ, யாருக்கும் தெரியாது. லூயிஸ் சொற்களை அகரவரிசையில் அடுக்கவில்லை. குணங்களுக்கு ஒரு அத்தியாயம், மருத்துவர்களுக்கு ஒன்று, பேச்சுப் பழக்கங்களுக்கு ஒன்று என்று மனிதர்களை வைத்து அடுக்கியிருந்தார். பேசுவதைக் குறிக்கும் ஒரு லத்தீன் வேரைப் பிடித்தால் லொக்வேஷியஸ், எலக்வென்ட், சொலிலக்வி, வென்ட்ரிலக்விஸ்ட் என்று ஒரு குடும்பமே கூட வரும். ஆகவே ஒரு சொல்லைக் கற்றதும் எங்களுக்கு அடுத்த வேலை, அதற்குப் பொருத்தமான ஆளை ஊருக்குள் கண்டுபிடிப்பது. ஆள் கிடைத்துவிட்டால் அந்தச் சொல் பிறகு மறக்காது. இப்போது அந்த டிக்கெட்காரரும் இல்லை, டீக்கடையும் இல்லை. சொற்கள் மட்டும் அவர்கள் முகத்தோடு இன்னும் என்னிடம் இருக்கின்றன.

சொற்களை உரக்கச் சொல்லிப் பழகவேண்டும் என்பது லூயிஸின் கட்டளை. வீட்டில் உரக்கச் சொன்னால் பாட்டி பயந்துவிடுவாள் என்று தென்னந்தோப்புக்குப் போவோம். எங்கள் சித்தூர் தாலுகாவின் தோப்புகளிலிருந்துதான் கேரளத்தின் பல பக்கங்களுக்கும் கள்ளு போகிறது என்பதால், எந்த நேரமும் ஏதாவது ஒரு மரத்தில் ஆள் இருப்பார். ஒருநாள் மேலேயிருந்து ஒரு குரல் வந்தது: "என்னங் தம்பி, மந்திரம் படிக்கிறீங்களா? மழை வருமா?" அந்த வருஷம் கிணறுகள் வற்றியிருந்தன. கேட்டவர் உண்மையான ஆவலோடுதான் கேட்டார்.

பொருள் தேடுவது தனிக்கதை. நாங்கள் கேரளத்துக்குள் தமிழ் மீடியத்தில் படித்தவர்கள். சித்தூர் பழைய கொச்சி சமஸ்தானத்தோடு இருந்து, 1956 நவம்பரில் கேரளத்துக்குள் வந்த பகுதி. வீட்டில் தமிழ், கச்சேரியில் மலையாளம், கனவில் ஆங்கிலம். ஒரு நண்பன் வீட்டில் பொள்ளாச்சியில் வாங்கிய லிஃப்கோ ஆங்கிலம்–தமிழ் அகராதி. இன்னொருவன் வீட்டில் டி. ராமலிங்கம் பிள்ளையின் ஆங்கிலம்–மலையாளம் அகராதி. ஒரு சொல்லுக்கு இரண்டையும் திண்ணையில் வைத்துப் பார்ப்போம். பிள்ளையவர்கள் கொடுக்கும் பொருள் பல நேரம் கனத்த சமஸ்கிருதமாக இருக்கும். அதற்குப் பொருள் கேட்க மலையாள மாஸ்டரிடம் ஓடவேண்டும். அவர் அதை விளக்கி முடிக்கும்போது ஆங்கிலச் சொல்லோடு இரண்டு சமஸ்கிருதச் சொற்களும் சேர்ந்து வந்திருக்கும். ஒரே சொல்லுக்காக மூன்று வீட்டு வாசல் ஏறிய அந்தச் சாயங்காலங்களுக்கு ஈடாக எதைச் சொல்வது?

போதாததற்கு வழிதவறும் சுகம் வேறு. நாணயத்தைத் தேடி 'காயின்' பக்கத்துக்குப் போனால் கீழேயே 'காயர்', நம் தேங்காய் நாரின் கயிறு. செம்பைத் தேடி 'காப்பர்' போனால் அதன் பக்கத்தில் 'காப்ரா', முற்றத்தில் காய்ந்துகொண்டிருக்கும் அதே கொப்பரை. இரண்டும் மலையாளக் கரையிலிருந்து கப்பலேறி ஆங்கிலத்துக்குள் போன சொற்கள் என்று பின்னால் படித்தேன். ஆனால் எங்கள் தோப்பு அந்தத் தடித்த புத்தகத்துக்குள் இருப்பதைப் பார்த்த அன்று வந்த பெருமிதத்துக்கு ஆராய்ச்சி எதுவும் தேவைப்படவில்லை.

பொள்ளாச்சியில் பழைய பேப்பர் கடையில் ரீடர்ஸ் டைஜஸ்ட் எடைக்குக் கிடைக்கும். வில்ஃப்ரெட் ஃபங்க் 1945-இல் தொடங்கிய சொல்வளப் பகுதி அதில் மாதாமாதம் வரும்: இருபது சொல், ஒவ்வொன்றுக்கும் நாலு விடை, சரியானது அடுத்த பக்கத்தில், கடைசியில் நம் தகுதிக்கு ஒரு சான்றிதழ் வரி. முன்பு வைத்திருந்தவர் பென்சிலில் டிக் போட்டிருப்பார். பெயர் தெரியாத அந்த மனிதரோடு போட்டி போட்டுக்கொண்டு, பாலக்காட்டுக்குப் போகும் மீட்டர்கேஜ் ரயிலில் உட்கார்ந்திருப்போம். முதலமடை தாண்டி கொல்லங்கோடு வருவதற்குள் ஒரு பக்கம் முடியும். வண்டியும் எங்களுக்கு இடைஞ்சல் இல்லாமல் மெதுவாகவே போகும். 2008 கடைசியில் அந்தப் பாதையை மூடினார்கள். 2015-இல் அகலப்பாதையாகத் திறந்தார்கள். வண்டி இப்போது விரைந்து போகிறது, நல்லதுதான். ஃபங்குக்கு மட்டும் நேரம் போதாது.

ஹிந்துவில் கே. சுப்ரமணியன் எழுதிய 'நோ யுவர் இங்கிலீஷ்' பகுதியைச் சலூனில் கெஞ்சி வாங்கி வெட்டி வைத்ததும், ஒரு ஐயத்துக்கு விடை வர வாரக்கணக்கில் காத்ததும், உங்களில் பலருக்கும் நடந்திருக்கும். உங்கள் வீட்டுப் பரணிலும் மாவுப்பசை காய்ந்த அந்த நோட்டுகள் இருக்கலாம்.

பிறகு 2017 மே மாதம் பாலக்காட்டைப் பூர்வீகமாகக் கொண்ட சசி தரூர் ஒரு ட்வீட்டில் 'ஃபரேகோ' என்று எழுதினார். நாடே அகராதியை நோக்கி ஓடியது. குளறுபடியான கலவை என்று பொருள். லத்தீனில் அது மாட்டுக்குப் போடும் கலப்புத் தீவனம். பால் லாரிகளைச் சோதித்து அனுப்பும் எல்லை ஊரில், பாதி வீடுகளில் மாடு கட்டியிருக்கும் எங்களுக்கு அது எவ்வளவு சொந்தமான சொல்! அடுத்த வருஷம் அவர் இருபத்தொன்பது எழுத்துள்ள 'ஃப்ளாக்ஸினாஸினிஹிலிபிலிஃபிகேஷன்' ஒன்றை இறக்கினார். ஒன்றை மதிப்பற்றதென்று தள்ளுவது என்று பொருள். 2020-இல் 'தரூரோசாரஸ்' என்று சொற்களுக்கே ஒரு புத்தகம் போட்டார். எங்கள் கூட்டம் ஆளுக்கொரு திசையில் சிதறியிருந்தது. அந்த நாட்களில் பழைய எண்களெல்லாம் மறுபடி ஒலித்தன.

அரசு வேலைக்கான பிஎஸ்சி தேர்வுக்குப் படிக்கும் என் தங்கை மகளுக்கு அந்த நீளச் சொல்லைத் தடங்கலில்லாமல் சொல்ல வருகிறது, கைப்பேசி சொல்லிக் கொடுத்துவிடுகிறது. எங்கள் கூட்டத்தில் ஒரு சொல்லுக்கு மூன்று உச்சரிப்பு இருந்தது, சரியானதைச் சொல்லித்தர ஊரில் ஆள் இல்லை. தமிழ் மீடியத்தில் படித்த ஒரு பெண்ணுக்கு இது எவ்வளவு பெரிய வரம் என்பதை அனுபவித்தவனுக்குத்தான் தெரியும். போன ஜூனில் முதல் மழை விழுந்தபோது, "மாமா, பெட்ரிகோர்!" என்று கத்திக்கொண்டு வந்தாள். காய்ந்த மண்ணில் மழை பட்டு எழும் வாசனைக்கு 1964-இல் இசபெல் ஜாய் பேர், ரிச்சர்ட் தாமஸ் என்ற இரண்டு ஆஸ்திரேலிய விஞ்ஞானிகள் இட்ட பெயர். எங்கள் லிஃப்கோவில் அது இல்லை. அவளால்தான் எனக்குக் கிடைத்தது.

ஆனால் அவள் கைப்பேசி கேட்ட சொல்லை மட்டும் கொடுத்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொள்கிறது; பக்கத்து வீட்டுக்காரர்களைக் காட்டுவதில்லை. காயினுக்குக் கீழே காயர் இருப்பதை அவள் பார்த்ததே இல்லை என்று சொன்னதும் எனக்கு மனசு கேட்கவில்லை. தடித்த அகராதியாக ஒன்று வாங்கித் தருகிறேன் என்றேன். உடனே சம்மதித்தாள். பொள்ளாச்சியில் தமிழ் அகராதி வாங்குவதா, சித்தூரில் மலையாளம் வாங்குவதா என்பதில்தான் இன்னும் பேச்சு நடக்கிறது. பரீட்சைக்கு மலையாளம் உதவும் என்கிறாள் அவள். இரண்டும் வேண்டும் என்கிறேன் நான்.