எட்டுப் பங்கு எசமானுக்கு ஒரு சேதி

வாப்பா மருமவனே! சேலையூர்ல கடை வளாகம், மாடம்பாக்கத்துல மனை, மேல பளபளன்னு ஒரு பிரைவேட் லிமிடெட் போர்டு. அதுல உனக்கு நூத்துக்கு எட்டு பங்கு. "சொத்து முப்பது கோடி பெறும், எனக்கு ரெண்டு கோடியே நாப்பது லட்சம் மாமா"ன்னு காபி ஆறுறதுக்குள்ள கணக்கு முடிச்சிட்டியே! படிச்ச புள்ள படிச்ச புள்ளதான்.

கழனி ஓட்டுன எனக்கு அவ்ளோ வேகம் வராது, மெதுவாக் கேக்குறேன். மனை யார் பேர்ல? கம்பெனி பேர்ல. பேங்கு கடன்? அதுவும் கம்பெனி பேர்லதான். கழிச்சியா? இல்ல. சரி, கழிச்சுட்டேன்னே வெச்சுக்க. மீதியில எட்டுப் பங்கை எவன் வாங்குவான்? வாடகையைப் பிரிக்கிறதா வேணாமான்னு சொல்றது உங்க பெரியப்பா. டைரக்டர் நாற்காலியில அவர் புள்ளைங்க. வெளியாளு வாங்கினா, வருஷக் கூட்டத்துல மிக்சர் தின்னுட்டுப் போவலாம். ஜோடி செருப்பு நானூறுன்னா, ஒத்தச் செருப்பு இருநூறுக்கு விலை போவுமா? அதான் மதிப்புப் போடுறவங்க சின்னப் பங்குன்னா தட்டிக் குறைப்பாங்க. வாங்குறவர் உங்க பெரியப்பா, மதிப்புப் போடுறவனும் அவர் கூட்டியாந்த ஆளு. எவ்ளோ தட்டுவான்னு நீயே கணக்குப் போடு, உனக்குத்தான் வேகமா வருமே.

கேஸ் போடுவேன்னு மீசையை முறுக்காதே. கம்பெனி தீர்ப்பாயத்துல கொடுமைன்னு மனுப் போட, பங்குல பத்துல ஒண்ணு வேணும். இல்லாட்டி பங்குதாரர்ல பத்துல ஒரு பேரு சேரணும். ரெண்டும் இல்லன்னா விதிவிலக்கு கேட்டு வாசல்ல நிக்கணும். நீங்க பதினாலு பங்குதாரரு. உன் தங்கச்சி கூட நின்னா ரெண்டு பேரு, போதும். ஆனா அவகூடத்தான் பேச்சுவார்த்தையே இல்லியே உனக்கு!

பெரிய இடத்துக் கதையைக் கேளு. முருகப்பா குடும்பத்து அம்பாடி இன்வெஸ்ட்மென்ட்ஸ்ல எம்.வி. முருகப்பன் குடும்பத்துக்கு 8.15 சதவீதம். அவர் 2017ல காலமானாரு. மக வள்ளி அருணாசலம், போர்டுல இடம் குடுங்க, இல்லாட்டி நியாயமான விலைக்குப் பங்கை வாங்கிக்குங்கன்னாங்க. 2020 செப்டம்பர் கூட்டத்துல நூத்துக்குத் தொண்ணூறுக்கு மேல எதிர் ஓட்டு. சமாதானம் 2023 ஆகஸ்டுலதான். அணு விஞ்ஞானம் படிச்சவங்களுக்கே அத்தினி வருஷம்.

சரி, கிடைச்ச விலைக்குப் பெரியப்பா மவனுக்கே தள்ளிடலாம்ங்கிறே. மனையா வித்தா பத்திரச் செலவு லட்சத்துக்கு 9,000 ரூபா. ஷேரா மாத்தினா ஸ்டாம்பு 15 ரூபாதான். சிரிச்சியா? மிச்சத்தையும் கேளு. வருமானவரிக்காரன் மனைக்கு வழிகாட்டி மதிப்பு வெச்சு உன் ஷேருக்கு ஒரு விலை கட்டுவான். சின்னப் பங்குன்னு தள்ளுபடி கிடையாது. அதுக்குக் கீழ வித்தா, அந்த விலைக்கே வித்ததா உனக்கு வரி. அந்த விலைக்குக் குறைச்சுக் குடுத்த தொகை 50,000 ரூபாயைத் தாண்டினா, வாங்குனவனுக்கும் வரி. சொந்தக்காரங்ககிட்ட வாங்குனா வாங்குனவனுக்கு அது இல்ல. ஆனா சட்டக் கணக்குல பெரியப்பா உனக்குக் குடுத்தா சொந்தம், நீ அவருக்குக் குடுத்தா அந்நியன். அவர் மவன் எப்பவுமே அந்நியன். தங்கச்சிக்குத் தானமாக் குடுத்தா மட்டும் ரெண்டு பேருக்கும் வரியில்ல. சர்க்காருக்குத் தெரிஞ்ச உறவு உனக்குத் தெரியல பாரு!

"தாத்தா காலத்துப் பேச்சு இருக்கே"ன்னும் நம்பாதே. ரங்கராஜ் - கோபாலகிருஷ்ணன் வழக்குல குடும்பத்தோட ரெண்டு கிளைக்கும் 25, 25 ஷேரு. விக்கிறவன் தன் கிளையைத்தான் முதல்ல கேக்கணும்னு 1951ல வாய்ப்பேச்சு. ஒருத்தன் அடுத்த கிளைக்கு வித்துட்டான். கம்பெனியோட விதிப் புத்தகமான ஆர்ட்டிகிள்ஸ்ல ஏறாத கட்டுப்பாடு செல்லாதுன்னு 1991ல சுப்ரீம் கோர்ட்டு முடிச்சிடுச்சு.

பெரியப்பா இன்னும் உங்க எல்லாரையும் ஒரே பந்தியில உக்கார வெச்சிருக்காரு. மதிப்புப் போடுறவன் யாரு, சின்னப் பங்குக்குத் தள்ளுபடி உண்டா, பணம் எத்தினி மாசத்துல வரும், இந்த மூணையும் இப்பவே ஆர்ட்டிகிள்ஸ்ல ஏத்தச் சொல்லு. ஆடிட்டர் அப்புறம்; முதல்ல தங்கச்சிக்குப் போன் போடு.