பொறுமைசாலியின் போர்ட்ஃபோலியோ

நான் ஒரு நீண்டகால முதலீட்டாளன். விரும்பி ஆனதில்லை. ஒரே வாரத்தில் லாபம் பார்த்துவிட்டு வெளியே வந்துவிடலாம் என்று வாங்கிய பங்குகள் இறங்கிப்போனதால் ஆனேன்.

உங்களிடமும் அப்படி ஒன்று இருக்கும். டீமேட் கணக்கின் அடியில் சிவப்பாகக் கிடக்குமே, வீட்டில் யாராவது எட்டிப் பார்த்தால் கட்டைவிரலால் மறைப்போமே, அதேதான்.

என்னுடையது மச்சான் சொன்ன பங்கு. விலை 11 ரூபாய். கம்பெனி என்ன செய்கிறது என்று கேட்டேன். “பெரிய ஆர்டர் வருது மாப்ள” என்றார். அதை ஆய்வறிக்கையாக ஏற்றுக்கொண்டேன். 7 ரூபாய்க்கு இறங்கியபோது இன்னும் கொஞ்சம் வாங்கி ஆவரேஜ் பண்ணினேன். 4 ரூபாயில் மறுபடியும். அப்புறம் தினமும் லோயர் சர்க்யூட்; விற்க ஊரே நிற்கிறது, வாங்கத்தான் ஆளில்லை. மச்சான் தன் பங்குகளை 10 ரூபாயிலேயே விற்றுவிட்டார் என்பது ஒரு கல்யாணப் பந்தியில், பாயசம் வரும் நேரத்தில் தெரிந்தது.

அதே காலத்தில் எம்ஆர்எஃப் பங்கை “விலை ஜாஸ்தி” என்று ஒதுக்கியவனும் நான்தான். அந்தக் கம்பெனியின் மொத்தப் பங்குகளே சுமார் 42 லட்சம்தான்; அதனால்தான் ஒரு பங்கு அந்த விலை. பங்கின் விலையை மட்டும் பார்த்து மலிவா, கிராக்கியா என்று சொல்ல முடியாது, லாபத்தோடு ஒப்பிட வேண்டும். இதையெல்லாம் பிற்பாடு படித்துத் தெரிந்துகொண்டேன். 2023 ஜூனில் அது ஒரு லட்சம் ரூபாயைத் தொட்டது. என் 11 ரூபாய் பங்கு அப்போது சில்லறையில் இருந்தது.

சரி, நல்ல பங்கு எதுவுமே வாங்கவில்லையா என்றால், வாங்கினேன். டாடாவும் தமிழ்நாடு அரசின் டிட்கோவும் சேர்ந்து 1984-ல் ஆரம்பித்த டைட்டன். ஓசூரில் வாட்ச் செய்கிறார்கள், நம்ம ஊர் கம்பெனி என்ற ஒரே பாசத்தில் வாங்கியது. கொஞ்சம் ஏறியதும் கை பரபரத்தது. விற்று ஒரு வெட் கிரைண்டர் வாங்கினோம். 2011-ல் டைட்டன் பங்கைப் பத்தாகப் பிரித்து, ஒன்றுக்கு ஒன்று போனஸும் கொடுத்தார்கள். ஒரு பங்கு இருபதானது. கிரைண்டர் ஒன்றாகவே இருக்கிறது. மாவு நன்றாக அரைக்கிறது என்று மனைவி சொல்கிறார். அந்தப் பேச்சை அத்தோடு விட்டுவிடுவது வழக்கம்.

ஏறியதை அவசரமாக விற்பது, இறங்கியதைக் கட்டிக்கொண்டு அழுவது: இந்த வியாதியைப் பற்றி ஷெஃப்ரின், ஸ்டாட்மன் என்ற இரண்டு பேராசிரியர்கள் 1985-லேயே கட்டுரை எழுதிவிட்டார்களாம். என்னைப் பார்க்காமலே எப்படி எழுதினார்கள் என்பதுதான் ஆச்சரியம்.

2020 மார்ச் 23-ஐ மறந்திருக்க மாட்டீர்கள். காலையிலேயே சந்தை 10 சதவீதம் விழுந்து, வர்த்தகத்தை 45 நிமிடம் நிறுத்தினார்கள். பதறியவர்கள் நிதானமாக யோசிக்கட்டும் என்று கொடுக்கும் இடைவேளை அது. நான் அந்த நேரத்தில் ஆப்பின் பாஸ்வேர்டைத் தேடிக் கண்டுபிடித்து, சந்தை திறந்ததும் நல்ல பங்குகளை எல்லாம் விற்றேன். அன்று சென்செக்ஸ் 3,934 புள்ளி இறங்கி 25,981-ல் முடிந்தது. அந்த வருஷத் தீபாவளிக்கு முன்பே பழைய உச்சத்தைத் தாண்டிவிட்டது. மச்சான் சொன்ன பங்கை மட்டும் விற்கவில்லை. நஷ்டத்தில் எப்படி விற்பது?

எஃப் அண்ட் ஓ பக்கம் போகாததை மட்டும் என் நிதானத்துக்குச் சாட்சியாகச் சொல்லிக்கொள்வேன். 2022 முதல் 2024 வரையான மூன்று நிதியாண்டுகளில் அதில் இறங்கிய தனிநபர்களில் 93 சதவீதம் பேர் பணத்தை இழந்தார்கள் என்று செபி கணக்கே சொல்கிறது. நான் தப்பித்த காரணம் வேறு. கணக்குத் திறக்க வருமானச் சான்று கேட்டார்கள்; ஐடி ரிட்டர்ன் எந்த ஃபோல்டரில் இருக்கிறது என்று இன்றுவரை தெரியவில்லை.

உருப்படியாக வளர்ந்தது ஒன்றே ஒன்று. வருமான வரி மிச்சம் பிடிக்க, ஒரு மார்ச் மாதக் கடைசியில் அவசர அவசரமாகப் போட்ட இஎல்எஸ்எஸ் மியூச்சுவல் ஃபண்ட். மூன்று வருஷம் கை வைக்க முடியாது என்பது விதி. இடையில் பல தடவை விற்கப் பார்த்தேன், ஆப் விடவில்லை. லாக்-இன் முடிந்த தேதியும் மறந்துபோனதால், அதற்குப் பிறகும் பல வருஷம் அது நிம்மதியாக வளர்ந்தது.

இவ்வளவு அனுபவம் இருப்பதால் உறவினர்கள் என்னிடம் யோசனை கேட்கிறார்கள். நீங்களும் கேட்கலாம். வாங்க நினைக்கும் பங்கின் பெயரைச் சொல்லுங்கள், என் பழைய கணக்கைப் பார்த்துச் சொல்கிறேன். நான் விற்றிருந்தால் தைரியமாக யோசியுங்கள். இன்னும் வைத்திருந்தால், தயவுசெய்து வேண்டாம்.