நுரைப் பிரகரணம்

இங்கிலாந்தின் ஏதேனும் ஒரு தெருமுனைப் பப்பினுள் மாலை வேளையில் புகுந்து, மதுமேடையின் மேல் அணிவகுத்து நிற்கும் கைப்பிடிகளைப் பார்த்து, இதில் ஒரு வாய், அதில் ஒரு வாய் என்று பலவகை பீப்பாய் பீர்களையும் ருசி பார்க்கத் தொடங்கும் மனிதர், தாம் பொழுது போக்குவதாகவே எண்ணிக்கொண்டிருக்கலாம். ஆயினும் அவர் செய்வது பரீட்சை. பரீட்சை என்று வந்துவிட்டால் பிரமாணம் சுத்தமாயிருத்தல் வேண்டும். அந்தச் சுத்தத்தைக் கெடுப்பது நுரை என்பதே இப்பிரகரணத்தின் பிரதிக்ஞை.

சொற்பமாகக் குடித்துப் பார்த்து முடிவு கட்டலாமோ என்று ஆக்ஷேபிப்பவர்களுக்கு முதலில் சமாதானம் சொல்லிவிடுவோம். டப்ளின் நகரத்துக் கின்னஸ் பீர் ஆலையில் உத்தியோகம் பார்த்த வில்லியம் கோசெட் என்பவர் 1908-இல் ‘மாணவன்’ என்ற புனைபெயரில் வெளியிட்ட கணிதமே, சில மாதிரிகளைக் கொண்டு அனுமானம் செய்வதற்கு இன்றும் உலகெங்கும் ஆதாரமாயிருக்கிறது. பீர் ஆலையில் பிறந்த அந்த நியாயம் பீர் குடிப்பவருக்கு மட்டும் மறுக்கப்படுமானால் அது அதர்மம். ஆகவே தோஷம் அளவில் இல்லை. குழாயின் நுனியில் இருக்கிறது.

பூட்டுச் செய்வதில் பெயர் பெற்ற ஜோசப் பிராமா 1797-இல் காப்புரிமை பெற்ற பம்பின் வம்சத்தில் வந்ததே இன்றைய கைப்பிடி. அதை இழுத்தால், நிலவறையில் ஏறக்குறைய 12 டிகிரிக் குளிர்ச்சியில் கிடக்கும் பீப்பாயிலிருந்து ஏல் என்னும் பீர், வெளி வாயுவின் உந்துதலின்றி மேலேறி வருகிறது. குழாய் நுனியில் ‘ஸ்பார்க்ளர்’ என்ற துளையிட்ட சிறு மூடியைத் திருகியிருந்தால், பீர் அதன் துளைகளில் நெருக்குண்டு, தன்னுள் கரைந்திருந்த வாயுவில் ஒரு பகுதியை இழந்து, பாலாடை போன்ற கெட்டி நுரையைச் சூடி இறங்குகிறது. மூடி இல்லையேல் விளிம்புவரை பானமும் பெயருக்குக் கொஞ்சம் நுரையுமாக நிற்கிறது. யார்க்ஷயர் முதலான வடபுலத்தார்க்கு முன்னது இல்லாமல் பீரே இல்லை. லண்டன் முதலான தென்புலத்தாரோ அதனை வஞ்சனை என்பார்கள். வடகலை, தென்கலை என்று நாமத்தின் பாதம் குறித்து நீதிமன்றம் வரை ஏறிய நம்மவர்க்கு இவ்விவாதத்தின் உக்கிரத்தை விளக்க வேண்டியதில்லை.

தென்புலத்தார் பக்ஷத்தில் லாப நஷ்டக் கணக்கும் ஒன்று உண்டு. ஒரு பைண்ட் என்பது 568 மில்லிலிட்டர். அதில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பங்காவது திரவமாயிருத்தல் வேண்டும் என்பது அந்நாட்டு மதுத்தொழிலாரின் சங்கம் வகுத்த நெறி. எஞ்சிய இருபத்தெட்டு மில்லிலிட்டர் சொச்சத்துக்காக மனிதர் சண்டையிடுவரோ எனில், மியூனிக் நகரத்தில் மோசடியாக ஊற்றுவதை எதிர்ப்பதற்கென்றே ஒரு சங்கம் இயங்கி வந்திருக்கிறது. அதே நகரத்துப் பௌதிக அறிஞர் ஆர்ண்ட் லைக்கே, பீர் நுரை கதிரியக்கப் பொருளின் சிதைவுக்குரிய அதே விதிப்படி தேய்கிறது என்று அளந்து காட்டி, 2002-இல் இக்நோபல் பரிசு பெற்றார். ஆதலால் பொறுத்திருப்பவருக்கு நுரை தானே இறங்கிவிடும் என்பது வடபுலத்தார் சொல்லத்தக்க மறுமொழி. பொறுத்திருக்கும் குடியர் எங்கே அகப்படுவார் என்பதை மட்டும் அவர்கள் சொல்வதில்லை.

நம் சித்தாந்தம் இரு பக்ஷத்தையும் சாராதது. மூடி போட்ட குழாயில் ஓர் ஏலையும், போடாத குழாயில் மற்றோர் ஏலையும் குடித்துவிட்டுத் தாரதம்மியம் சொல்பவர், பீரைப் பரீட்சித்தாரில்லை, மூடியைப் பரீட்சித்தார். வாயு குறைந்து மிருதுவானதும், கசப்பு நுரையோடு ஒதுங்கியதும் மூடியின் காரியமேயன்றி ஏலின் சுபாவம் அல்ல. ஆகவே பலவகை ஏல்களை ஒருமுறை குடிப்பதற்கு முன்னர், ஒரே ஏலை இருமுறை, மூடியோடும் மூடியின்றியும், மூன்றில் ஒரு பைண்ட் அளவில் வாங்கி அருகருகே வைத்துக் குடித்துப் பார்ப்பதே முறை. அந்த மூடி கையாலேயே கழலக்கூடியது. மதுமேடைக்காரரிடம் மரியாதையாகக் கேளுங்கள், கழற்றித் தருவார்.