சாக்குக்கு எடமில்லாத வண்டி

வா கண்ணு, இப்புடித் திண்ணைல உக்காரு. செட்டிபாளையத்துல ஃபார்முலா காரு ஓட்டப் போறியாமா? உங்கம்மா இப்பத்தான் அழுதுபோட்டுப் போறா. நான் அழுவுல. ஸ்கூட்டரை ஷெட்டுலருந்து எடுக்கறதுக்குள்ள கேட்டுல ரெண்டு தடவ இடிக்கறவனுக்கு ஏத்த தொழில்தான்.

ஒரே ஒரு சங்கடம். நீ சாக்குச் சொல்லியே வளந்தவன். கேள்வித்தாள் சரியில்ல, வாத்தியாரு சரியில்ல, நேத்து அந்த கேட்டே சரியில்ல. இது அங்க செல்லாது சாமி. எல்லாத்துக்கும் ஒரே வண்டி.

நம்மூரு கரிவர்தன், லட்சுமி மில் குடும்பத்துக்காரரு, 80கள்ல பண்ணுன வேலை இது. ஃபார்முலா மாருதின்னு பேரு. உன்ற சித்தப்பன் பெண்டாட்டி புள்ளைகளோட பழனிக்குப் போன அதே மாருதி 800 இஞ்சின்தான், 796 சி.சி., மூணு சிலிண்டரு. இரும்புக் குழாய்ல கூடு கட்டி, இஞ்சினை முதுகுக்குப் பின்னால வெச்சாரு. கூரை இல்ல, கதவு இல்ல, பக்கத்துல சீட்டும் இல்ல. (நீ கூட்டியாரலாம்னு நெனைக்கிற புள்ளை கேலரியிலயே உக்காரட்டும்.) 1995-ல விமான விபத்துல அவரு போய்ச் சேந்துட்டாரு. செட்டிபாளையத்து டிராக்குக்கு அவரு பேருதான்.

இப்ப ஓடற எல்ஜிபி ஃபார்முலா 4-க்கும் மாருதி இஞ்சின்தான், 1300 சி.சி. ராத்திரியோட ராத்திரியா இஞ்சினை நோண்டலாம்னு பாக்காத. சோதனைக்காரங்க சீல் வெச்சிருப்பாங்க. அது அறுந்திருந்தா மொதல்ல வந்தாலும் உன்ற பேரு பட்டியல்ல இருக்காது.

ரேக்ளாவுல நல்ல காங்கேயங்காளை வெச்சிருக்கறவன் கயித்தைப் புடிச்சுட்டுத் தூங்குனாலும் செயிச்சுருவான். இங்க எல்லாம் ஒரே தாய் வயித்துக் கன்னு. முன்னால போறவன் காத்தைக் கிழிச்சுக் குடுப்பான். நீ அவன் வாலோட ஒட்டிட்டே போயி, முக்கு வந்ததும் அவன் பிரேக்கு புடிச்சு ஒரு கண்ணிமை கழிச்சு நீ புடிக்கோணும். முன்னாடி புடிச்சா பின்னால கெடப்ப. ரொம்பத் தள்ளிப் புடிச்சா மண்ணுல கெடப்ப. அம்புட்டுதான் வித்தை.

நம்மூரு நரேன் கார்த்திகேயன் மொதமொதல்ல ஓட்டுனதும் ஃபார்முலா மாருதிதான், ஸ்ரீபெரும்புதூர்ல; அன்னிக்கே மேடையேறிட்டாரு. 2005-ல ஃபார்முலா 1-க்கே போயி, இண்டியானாபோலிஸ்ல நாலாவது வந்தாரு. அன்னிக்கு ஓடுனதே ஆறு வண்டிதான். இதைக் கோயமுத்தூர்ல சத்தமாச் சொல்லிப்போடாத. மிச்சம் 14 வண்டியும் டயரு தாங்காதுன்னு ஒரு சுத்தோட ஒதுங்கிருச்சு. அங்க டயருக் கம்பெனி ரெண்டு, அதனால அப்புடி ஒரு சாக்கு கெடைச்சுது. உனக்கு அதுவும் கெடையாது; எல்லாத்துக்கும் ஒரே டயருதான்.

தோத்துப்போட்டு வந்து வண்டி சரியில்லன்னு எங்கிட்டச் சொல்லப்படாது. அது சம்மதமின்னா எஃப்.எம்.எஸ்.சி.ஐ. குடுக்கற ரேஸ் லைசென்ஸை எடு. பணத்துக்கு மட்டும் உங்கப்பனைக் கேளு.