கடைசி இடத்துக்கு முதல் மரியாதை

டெட்ராய்ட்,
மே 2024

அன்புள்ள அண்ணாவுக்கு,

பெரியம்மாவிடம் முதலில் இதைச் சொல்லிவிடுங்கள்: வேளாவேளைக்குச் சாப்பிடுகிறேன், இளைக்கவில்லை, இளைத்த மாதிரி தெரிவது வீடியோ கால் செய்யும் சதி. உங்களுக்கு அங்கே கத்திரி வெயில். எனக்கு இங்கே மே பிறந்தும் சில காலைகளில் கார்க் கண்ணாடியில் படிந்த பனியைச் சுரண்டிவிட்டுத்தான் ஷிப்டுக்குக் கிளம்ப வேண்டியிருக்கிறது.

நீங்கள் கேட்ட விஷயத்துக்கு வருகிறேன். சிப்காட் கம்பெனிப் பசங்களை வைத்து எட்டு டீம் கால்பந்துப் போட்டி. ஏலம் கிடையாது, முறைவைத்து ஆள் எடுப்பது. போன வருஷம் உங்கள் டீம் கடைசி என்பதால் முதல் முறை உங்களுக்கு. ரோலிங் மில்லில் இருக்கும் அந்த ஒடிசாப் பையனை எடுப்பதா, ஆரம்பாக்கத்து கோல்கீப்பரை எடுப்பதா என்று தூக்கம் கெட்டுப்போய் எனக்கு போன் செய்தீர்கள். “நீ அமெரிக்காவுல இருக்க, உனக்குத் தெரியாதா?” என்றீர்கள். அமெரிக்காவில் இருப்பவனுக்கு எல்லாம் தெரியும் என்ற நம்பிக்கை நம் வீட்டில் இன்னும் உயிரோடு இருக்கிறது. ஆதார் கார்டில் பெயர் திருத்துவது எப்படி என்று மாமா என்னைத்தான் கேட்கிறார். ஆனாலும் இந்த ஒரு விஷயத்தில் நீங்கள் சரியான ஆளிடம்தான் வந்திருக்கிறீர்கள். போன மாதம் அந்த வைபவமே எங்கள் ஊருக்கு வந்திருந்தது.

அதற்கு இங்கே டிராஃப்ட் என்று பெயர். ஆடுவது அமெரிக்கக் கால்பந்து. பந்து உருண்டையாக இருக்காது, பெரும்பாலும் கையில்தான் இருக்கும். அதை இப்போது விளக்கினால் கடிதம் முடியாது. 32 டீம்கள், ஏழு சுற்று, கல்லூரி முடித்து வரும் பையன்களை ஒருவர் பின் ஒருவராகக் கூப்பிட்டு எடுக்கிறார்கள். போன பருவத்தில் கடைசியாக வந்த டீமுக்கு முதல் முறை, கோப்பை வாங்கிய டீமுக்குக் கடைசி முறை. மற்றதெல்லாம் முதலாளித்துவமாக இருக்கும் நாட்டில் இது ஒன்று மட்டும் எப்படி சோஷலிசம் ஆனது என்று எங்கள் லைன் சூப்பர்வைசரிடம் கேட்டேன். அவர் அந்தச் சொல்லைக் கேட்டதும் டீ கப்பை வைத்துவிட்டு எழுந்து போய்விட்டார்.

காரணம் பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். 1930-களில் பணக்கார டீம்களே நல்ல ஆட்களை எல்லாம் அள்ளிக்கொண்டிருந்தன. தோற்றுக்கொண்டே இருந்த பிலடெல்பியா டீமின் முதலாளி பெர்ட் பெல் 1935-இல் இந்த யோசனையைச் சொன்னார். 1936 பிப்ரவரியில் முதல் டிராஃப்ட். முதல் முறை யாருக்கு? அதே பெர்ட் பெல்லின் டீமுக்கு. யோசனை சொன்னவருக்கே லாபம் வரும்படி யோசனை சொல்வது நம் பஞ்சாயத்துகளுக்கும் தெரிந்த கலைதான். ஆனால் பாருங்கள், முதன்முதலில் எடுக்கப்பட்ட ஜே பெர்வாங்கர் இந்த லீகில் ஒரு ஆட்டம்கூட ஆடவில்லை. சம்பளம் ஒத்துவரவில்லை என்று வேறு வேலைக்குப் போய்விட்டார். பிள்ளையார்சுழியே அப்படித்தான் விழுந்தது.

இந்த வருஷம் ஏப்ரல் 25 முதல் 27 வரை டெட்ராய்ட் நடுவூரில் நடந்தது. மூன்று நாளில் ஏழே முக்கால் லட்சம் பேர் வந்தார்கள். அதற்கு முன் எந்த ஊரிலும் அத்தனை கூட்டம் கூடியதில்லை. ஆட்டம் கிடையாது அண்ணா, பெயர் வாசிப்பதைக் கேட்கத்தான் அத்தனை பேரும். லீகின் கமிஷனர் மேடை ஏறினால் கூட்டம் ‘ஊ’ என்று கூவ வேண்டும், அது மரபு. கூவி முடித்ததும் அவர் பெயரை வாசிப்பார், பையன் வருவான், கமிஷனர் அவனைக் கட்டிப்பிடிப்பார். முதல் சுற்றில் ஒவ்வொரு டீமுக்கும் யோசிக்கப் பத்து நிமிஷம் தருகிறார்கள். வருஷம் முழுக்க யோசித்தவர்களுக்கு எதற்குப் பத்து நிமிஷம் என்று நானும் நினைத்தேன். அந்த நேரத்தில்தான் பேரம் நடக்கிறது. எங்கள் லயன்ஸ் டீம் 29-ஆம் இடத்தில் காத்திருக்கப் பொறுக்காமல், டல்லாஸ் டீமுக்கு ஒரு மூன்றாம் சுற்று முறையையும் சேர்த்துக் கொடுத்து 24-க்கு ஏறி, டெரியன் ஆர்னால்டு என்ற தடுப்பாட்டக்காரரை எடுத்தது. பக்கத்தில் நின்ற முன்பின் தெரியாத தாத்தா ஒருவர் என்னைத் தூக்கியே விட்டார். பெரியம்மாவிடம் சொல்லுங்கள், நான் இளைக்கவில்லை என்பதற்கு அவர் முதுகுவலி சாட்சி.

அளவெடுப்பு தனிக் கதை. பிப்ரவரி கடைசியில் இண்டியானாபொலிஸ் ஊருக்கு முன்னூறுக்கு மேற்பட்ட பையன்களை வரவழைத்து உயரம், எடை, கை நீளம், சுண்டுவிரல் முதல் கட்டைவிரல் வரை உள்ளங்கை அகலம், நின்ற இடத்திலிருந்து எவ்வளவு எகிறுகிறான், நூறு கிலோ சொச்சத்தை எத்தனை தடவை தூக்குகிறான் என்று எல்லாவற்றையும் குறித்துக்கொள்கிறார்கள். சில வருஷம் முன்புவரை பன்னிரண்டு நிமிஷத்தில் ஐம்பது கேள்விக்குப் பதில் எழுதும் மூளைத் தேர்வும் இருந்தது. நாற்பது கெஜ ஓட்டத்தில் இந்த வருஷம் சேவியர் வொர்தி என்ற பையன் 4.21 நொடியில் ஓடிப் பழைய சாதனையை முறித்தார். நானும் சிப்காட்டில் வெர்னியரும் கேஜும் பிடித்து வளர்ந்தவன் என்பதால் சொல்கிறேன்: எல்லா அளவும் சரியாக இருந்து ‘ஓகே’ சீல் குத்திய பாகம், வண்டியில் மாட்டினால் இரைச்சல் போடும். அது ஏன் என்று எந்த இன்ஸ்பெக்டராலும் முன்கூட்டியே சொல்ல முடியாது.

நான் வாழும் ஊரே இதற்கு அத்தாட்சி. 2000-களில் லயன்ஸ் டீமை மேட் மில்லன் என்பவர் நடத்தினார். பந்தைப் பிடிக்க ஓடும் ரிசீவர் வகை ஆட்கள்மேல் அவருக்கு அப்படி ஒரு மோகம். 2003-இல் ஒருவர், 2004-இல் ஒருவர், 2005-இல் ஒருவர், ஒரு வருஷம் மூச்சு வாங்கிக்கொண்டு 2007-இல் இன்னொருவர், எல்லாம் முதல் சுற்றில். கடைசியாக எடுத்த கால்வின் ஜான்சன் மகா ஆட்டக்காரர் என்பது உண்மை. ஆனால் பிடிக்க நாலு பேரை எடுத்தவர், எறிபவனுக்கும் காவல் நிற்பவனுக்கும் என்ன செய்தார் என்று கேட்காதீர்கள். 2008-இல் டீம் 16 ஆட்டம் ஆடி 16-லும் தோற்றது. உங்கள் டீமைக் கேலி செய்பவர்களுக்கு இந்தக் கணக்கைக் காட்டுங்கள்.

அதே ஊரில் இப்போது கொண்டாடப்படும் ரிசீவர் அமோன்-ரா செயின்ட் பிரவுன். 2021-இல் நாலாம் சுற்றுவரை காக்கவைத்து, 112-ஆவதாக எடுத்தார்கள். அவருக்கு முன்னால் 16 ரிசீவர்களை மற்ற டீம்கள் எடுத்திருந்தன. அந்த 16 பெயரையும் எந்த டீம், எந்தக் கல்லூரி என்பதோடு அவர் மனப்பாடமாகச் சொல்வார். கொடுக்காமல் விட்ட கடனைக்கூட நம் ஊரில் இப்படி ஒப்பிப்பவர் இல்லை. இந்த வருஷ டிராஃப்டுக்கு முந்தின நாள் அவருக்கு நாலு வருஷத்துக்கு 120 மில்லியன் டாலர் என்று லயன்ஸ் எழுதிக்கொடுத்தது.

சிகாகோ கதை இன்னும் ருசி. 2023-இல் முதல் முறை சிகாகோவுக்கு. கரோலினா டீமுக்கு அது வேண்டும். தங்கள் 9-ஆம் முறை, 61-ஆம் முறை, அடுத்த வருஷத்து முதல் சுற்று, 2025-இன் இரண்டாம் சுற்று, போதாக்குறைக்கு ஒரு நல்ல ரிசீவர், இவ்வளவையும் கொட்டி வாங்கி, பிரைஸ் யங் என்ற பையனை எடுத்தார்கள். அடுத்த இடத்தில் ஹியூஸ்டன் எடுத்த ஸ்ட்ரௌட் அந்த வருஷத்தின் சிறந்த புதுமுகம் ஆனார். கரோலினா 17-இல் இரண்டே ஆட்டம் ஜெயித்துக் கடைசிக்குப் போனது. கடைசிக்குப் போனால் இந்த வருஷம் முதல் முறை கிடைக்க வேண்டும் அல்லவா? அதைத்தான் சிகாகோவுக்கு எழுதிக்கொடுத்துவிட்டார்களே. கேலப் வில்லியம்ஸை முதலாவதாக எடுத்து சிகாகோ வீட்டுக்குப் போனது. தோற்றது ஒருவர், மரியாதை இன்னொருவருக்கு.

அட்லாண்டாவைச் சொல்லாமல் விட மனசு வரவில்லை. மார்ச்சில் 180 மில்லியன்வரை பேசி கசின்ஸ் என்ற குவார்ட்டர்பேக்கை, அதாவது பந்தை எறிபவரை, வாங்கிவிட்டு, ஏப்ரலில் 8-ஆம் முறையில் பெனிக்ஸ் என்ற இன்னொரு குவார்ட்டர்பேக்கை எடுத்தார்கள். களத்தில் நிற்பது ஒருவர்தான்.

டாம் பிரேடி கதை உங்களுக்கே தெரிந்திருக்கும், 2000-இல் 199-ஆவது ஆள், பிறகு ஏழு கோப்பை. பிராக் பர்டி 2022-இல் 262-ஆவது, அந்த வருஷத்தின் கடைசி ஆள். இந்தப் பிப்ரவரியில் இறுதியாட்டத்தில் நின்றார்.

இதையெல்லாம் கணக்குப் போட்டவர்கள் இருக்கிறார்கள். கேட் மாசி, ரிச்சர்ட் தேலர் என்ற இரண்டு பேராசிரியர்கள். தேலருக்கு 2017-இல் பொருளாதார நோபல் கிடைத்தது. ஒரு ஆட்டக்காரனையும், அதே இடத்துக்கு அவனுக்கு அடுத்தபடியாக எடுக்கப்பட்டவனையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். முன்னால் எடுத்தவன் தேறியது நூற்றுக்கு 52 தடவை. காசைச் சுண்டினாலே ஐம்பது வந்துவிடும். அத்தனை அளவெடுப்பு, அத்தனை சம்பளம், அத்தனை தூக்கம் கெட்டதற்கும் கிடைத்தது மிச்சம் இரண்டு. முதல் சில முறைகளுக்கு டீம்கள் மிதமிஞ்சி விலை கொடுக்கின்றன, செலவுக்கு ஏற்ற பலன் இரண்டாம் சுற்றுப் பக்கம்தான் இருக்கிறது என்பது அவர்கள் முடிவு.

படித்ததும் எனக்கு நம் ஏரிக்கரை உத்தி நினைவுக்கு வந்தது. இரண்டு தலைவர்கள் தள்ளி நிற்பார்கள். மற்றவர்கள் சமபலம் பார்த்து ஜோடி சேர்ந்து, தூரப் போய் ஆளுக்கொரு பெயர் வைத்துக்கொண்டு, தோளில் கைபோட்டு வந்து நிற்போம். “மாம்பழமா, பலாப்பழமா?” தலைவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டதுதான் அவர் ஆள். இரண்டு பக்கமும் சமம், யாரையும் கடைசியாக எடுத்தோம் என்ற பேச்சே கிடையாது, 16 பெயரை மனப்பாடம் செய்யும் வேலையும் இல்லை. நோபல் கமிட்டி கும்மிடிப்பூண்டி லோக்கலில் ஏறாதது அவர்கள் நஷ்டம்.

அமெரிக்காவை விடுங்கள் என்பீர்கள். நம் ஐ.எஸ்.எல். கால்பந்திலும் 2017 ஜூலையில் மும்பையில் டிராஃப்ட் நடந்தது. முதல் ஆளாக அனஸ் எடத்தொடிகாவை ஜாம்ஷெட்பூர் எடுத்தது, 1.10 கோடி. அதே விலைக்கு யூஜின்சன் லிங்டோவை கொல்கத்தா எடுத்தது. அந்தப் பருவம் முடிந்தபோது ஜாம்ஷெட்பூர் ஐந்தாம் இடம். லிங்டோ காயத்தில் விழுந்து பெரும்பாலான ஆட்டங்களை விட்டார், கொல்கத்தா ஒன்பதாம் இடம். கோப்பை யாருக்கு? நம் சென்னையின் எஃப்.சி.க்கு, 2018 மார்ச் 17-இல் பெங்களூரை அதன் சொந்த மைதானத்திலேயே 3-2 என்று கவிழ்த்து. ஜேஜேயையும் கரண்ஜித்தையும், அனிருத் தாப்பா, ஜெரி என்ற இரண்டு சின்னப் பையன்களையும் விடாமல் வைத்துக்கொண்டு, சென்னைக்காரர் தனபால் கணேஷ் மாதிரி ஆட்களை நடுக்களத்தில் இறக்கிய டீம் அது. அந்த வருஷம் டெல்லிக்கு ஆடப் போன இன்னொரு சென்னைப் பையன் நந்தகுமார் சேகரும் கோடி விலைப் பேச்சில் இல்லாதவர்தான். 2023 ஆகஸ்டில் டூரண்ட் கோப்பையில் மோகன் பகானுக்கு எதிராக ஈஸ்ட் பெங்கால் ஜெயித்த ஆட்டத்தின் ஒரே கோல் அவருடையது. திருவள்ளூர் லோக்கலில் வியாசர்பாடி ஜீவா தாண்டும்போது ஜன்னல் பக்கம் பாருங்கள், எந்தப் பட்டியலிலும் இல்லாத பசங்க அங்கே பந்தை உதைத்துக்கொண்டிருப்பார்கள்.

ஆகவே என் யோசனை இது. முதல் முறையை விற்றுவிடுங்கள். ஒடிசாப் பையனுக்காக எந்த டீம் ஆலாய்ப் பறக்கிறது என்று பாருங்கள். அவர்களிடம் உங்கள் முதல் முறையைக் கொடுத்து, அவர்கள் முறையோடு இரண்டாம் சுற்று முறையையும் கேளுங்கள். மூன்றாம் சுற்றையும் கேளுங்கள், கொடுத்தாலும் கொடுப்பார்கள். ஆள் எடுக்கும்போது வேகத்தைப் பார்ப்பதற்கு முன்னால் ஷிப்டைப் பாருங்கள். போட்டி ஜூலையில் என்றால் ரத யாத்திரைக்கு யார் யார் டிக்கெட் போட்டுவிட்டார்கள் என்று விசாரியுங்கள். ஆரம்பாக்கத்து கோல்கீப்பர் நல்லவன்தான், ஆனால் அவனை முதல் சுற்றில் எடுக்காதீர்கள். மற்ற ஏழு டீமும் கோல் போடுகிறவனைத் தேடும், இவன் மூன்றாம் சுற்றுவரை உங்களுக்காக அங்கேயே நிற்பான். அண்ணியின் தம்பியை எந்தச் சுற்றிலும் எடுக்க வேண்டாம். இந்த வரியை அண்ணியிடம் வாசித்துக் காட்டவும் வேண்டாம்.

ஜெர்சிச் செலவு என்னுடையது. பதினைந்து பேருக்கும் டேப் வைத்து அளவெடுத்து வாட்ஸப்பில் அனுப்புங்கள், கண்ணளவில் சொன்னால் பணம் வராது.

அன்புத் தம்பி